வெட்டுக்கிளிகளும் சுற்றுலாப் பயணிகளும் மோதிய வியாழக்கிழமை

வியாழக்கிழமைகளில் அம்மா ஒருவேளைதான் சாப்பிடுவார். கும்பகோணத்தில் இருந்தால் காலையிலேயே ஆலங்குடிக்குப் பஸ் ஏறி, குரு பகவானைத் தரிசித்துவிட்டு வந்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம். அப்படிப்பட்டவரை ஒரு வியாழக்கிழமை மாலையில், மலிவு விலை பியருக்குப் பெயர்போன ஒரு பேஸ்பால் அரங்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். தெரிந்து செய்யவில்லை. தெரிந்திருந்தால் புதன்கிழமையே போயிருப்போம்.

2023 கோடையில் அம்மா மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். வட கரோலினாவில் சார்லட்டிலிருந்து காரில் கிளம்பி ஆஷ்வில், அங்கிருந்து புளூ ரிட்ஜ் பார்க்வே வழியாகச் செரோக்கி, பிறகு ஸ்மோக்கி மலைகள் என்று ஐந்து நாள் திட்டம் போட்டிருந்தோம். ஆஷ்விலில் இரண்டு இரவுகள். வியாழன் காலை மலையேறிப் போனால் மேகம் இறங்கி எதிரே பத்தடி தூரம் தெரியவில்லை. பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்று சாலையோரம் விட்டிருந்த இடங்களிலெல்லாம் வண்டியை நிறுத்தி, வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எட்டு வயது மகள் பின்சீட்டில் பொறுமையின் எல்லைக்கு வந்திருந்தாள். விடுதி வரவேற்பறை மேசையில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. இன்று மாலை ஆட்டம்: ஆஷ்வில் டூரிஸ்ட்ஸ், கிரீன்ஸ்பரோ கிராஸ்ஹாப்பர்ஸ். வெட்டுக்கிளிகளுக்கு எதிராகச் சுற்றுலாப் பயணிகள்! மகள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அமெரிக்காவில் பதினோரு வருடம் இருந்தும் நான் பேஸ்பால் பக்கம் போனதில்லை. கிரிக்கெட்டில் ஊறியவனுக்கு அது ஓட்டங்கள் குறைந்த, அவசரப்பட்ட ஆட்டமாகத்தான் தோன்றும். மைனர் லீக் என்ன என்பதுகூட அன்றைக்கு விடுதியில் உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்சியில் இருக்கும் மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளாக நான்கு பயிற்சி அணிகள், ஆக 120. அணி அந்தந்தச் சிற்றூரின் பெயரில் ஆடும், ஊர்க்காரர்கள் கைதட்டுவார்கள், ஆனால் வீரர்களை ஒப்பந்தம் செய்து சம்பளம் கொடுப்பது மேலே இருக்கும் பெரிய அணி. ஆஷ்வில் அணி 2021 முதல் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குக் கீழே, மேலிருந்து மூன்றாம் படியில் ஆடியது. நன்றாக ஆடும் பையன் ஒருநாள் காலையில் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விடுவான். அதனால் ஊர்க்காரர்களுக்கு அணிமேல் பற்று உண்டு. வீரர்கள்மேல் வைக்கும் பற்று அந்தக் கோடை வரைக்கும்தான்.

வழியில் இப்படி ஓர் ஆட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் கிழமையை முதலில் பாருங்கள். 2021இல் மாற்றியமைத்த பிறகு, ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டங்கள், திங்கள் விடுமுறை என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். திங்கள்கிழமை ஊருக்குள் நுழைந்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். இன்னொன்று, எல்லா மாலைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெள்ளி, சனியில் வாணவேடிக்கை இருக்கும், கூட்டமும் அதற்கேற்ப வரும். ஞாயிறுகளில் பல ஊர்களில் ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளை மைதானத்துக்குள் இறக்கி, ஓட்டம் எடுக்கத் தொடவேண்டிய தளங்களைச் சுற்றி ஓட விடுவார்கள். வியாழன்களில் பியர் மலிவு. 'தாகமுள்ள வியாழன்' என்று பொருள்படும் அந்தப் பெயரை வணிகச் சின்னமாகவே பதிவுசெய்து வைத்திருப்பவர்கள் யார் தெரியுமா? இதே ஆஷ்வில் டூரிஸ்ட்ஸ்தான். நாடெங்கும் கொண்டாடும் ஒரு வழக்கத்தின் மூலஸ்தானத்துக்கே, விரதமிருக்கும் அம்மாவை அழைத்துப் போயிருக்கிறேன்.

அம்மாவின் அந்த ஒருவேளைச் சாப்பாடு மதியமே முடிந்திருந்தது. ஊர் நடுவில் 'சாய் பானி' என்று ஓர் இந்திய உணவகம் இருக்கிறது. 2022இல் நாட்டின் தலைசிறந்த உணவகம் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியது. நீளவாக்கில் நறுக்கி மொறுமொறுவென்று பொரித்த வெண்டைக்காயை அம்மா சந்தேகத்தோடு எடுத்தார், பிறகு தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். சைவம் சாப்பிடுகிறவர்கள் அரங்கத்துக்குள் பசியோடு போகவேண்டாம். உள்ளே ஹாட் டாக்கும் பர்கரும்தான் ராஜ்யம். பிரெட்ஸல், பாப்கார்ன், ஐஸ்கிரீம், ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை, இவ்வளவுதான் நமக்கு ஆகும்.

மெக்கார்மிக் ஃபீல்டு என்பது அரங்கத்தின் பெயர். 1924இல் திறந்தது. மரத்தால் ஆன பழைய பார்வையாளர் பகுதியை எடுத்துவிட்டு 1992இல் செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டினார்கள். சுமார் 4,000 பேர் உட்காரலாம். மலைச்சரிவில் வெட்டி எடுத்த இடம் என்பதால் மைதானத்துக்குப் பின்னாலேயே மரங்கள் அடர்ந்த மேடு எழும்புகிறது. இடநெருக்கடியால் வலதுபக்க எல்லை 297 அடியில், அதாவது 90 மீட்டரில், முடிந்துவிடுகிறது. கிரிக்கெட் சிக்ஸரைப் போன்ற ஹோம் ரன்னை எளிதாக அடித்துவிடக்கூடாதே என்று அங்கே 36 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் கேட்ச் ஆகவேண்டிய பந்து இங்கே சுவரில் மோதி 'டம்' என்று விழும். விழும்போதெல்லாம் கூட்டம் ஒரு முனகல் முனகும். 1950களின் கடைசியில் இதே இடத்தில் கார்ப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். 1958இல் லீ பெட்டி என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் கார், வீரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள்ளேயே பாய்ந்துவிட்டதாம்.

டூரிஸ்ட்ஸ் என்ற பெயருக்கு நூறாண்டு வயது. மலைக்காற்றுக்காக வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்த ஊர் அல்லவா! பழைய ஸ்கோர் பலகையில் ஒரு வரியில் 'விருந்தினர்', அடுத்த வரியில் 'சுற்றுலாப் பயணிகள்' என்று எழுதியிருக்கும் என்பது இங்கே தலைமுறைகளாகச் சொல்லும் வேடிக்கை. அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அப்படியானால் ஊர்க்காரர்கள் யாருமே ஆடவில்லையா?" என்றார்.

டிக்கெட் விலை சினிமா டிக்கெட்டை ஒட்டித்தான் இருந்தது. மேஜர் லீக் ஆட்டங்களில் இதே காசுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் பெரிய விஷயம். மலிவாக இருக்கிறதே என்ற குஷியில் நான் யோசிக்காமல் இருக்கைகளைத் தேர்ந்தெடுத்தேன். போய் உட்கார்ந்தால் மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், சித்திரை மாதத் தேரைப் பார்க்க நிற்பவரைப்போல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் வெயிலைவிடச் சுட்டது. மனைவி கையில் இருந்த துண்டுத்தாளால் அவருக்கு விசிறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு தெரிந்துகொண்டது இது. மட்டை பிடிக்கும் இடத்திலிருந்து, பந்து எறியும் பிட்சரைத் தாண்டி இரண்டாம் தளத்துக்குப் போகும் கோடு கிழக்கு, வடகிழக்காக இருப்பது நல்லது என்று பேஸ்பால் விதிப்புத்தகமே சொல்கிறது. மாலை வெயில் மட்டை பிடிப்பவர் கண்ணில் விழக்கூடாது என்பதற்காக. அப்படி அமைந்த அரங்கங்களில் மூன்றாம் தளத்துப் பக்கம் சீக்கிரம் நிழலாகிவிடும், முதல் தளத்துப் பக்கம் வெயிலில் காயும். நிலத்தின் வாகைப் பொறுத்து இது மாறும் என்பதால், டிக்கெட் வாங்கும்போது முதலில் நிழல் விழுவது எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் வலைக்குப் பின்னால் உட்காருவது நல்லது. பந்து வரும் வேகத்தைப் பற்றி இதோ சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே போயிருந்தோம். பிட்சர் ஓரமாக எறிந்து பழகிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயது இருக்கலாம், மீசை அரும்பாகத்தான் இருந்தது. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு மட்டும். கையை விட்டுப் போகும் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் தோல் கையுறையில் விழும் சத்தம்தான் கேட்டது. தென்னை மட்டை உச்சியிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். மகள் ஒவ்வொரு தடவையும் தோளைக் குலுக்கிக்கொண்டாள். தொலைக்காட்சியில் பத்து வருடம் பார்த்தாலும் இந்தச் சத்தம் இப்படிக் கேட்காது. பெரிய அரங்கங்களில் இவ்வளவு பக்கத்தில் நிற்க விடவும் மாட்டார்கள். சீக்கிரம் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஆட்டத்தைவிட இந்த அரைமணி எனக்கு உசத்தி.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், மடியில் ஸ்கோர் அட்டை, காதில் செருகிய பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் கட்டங்களில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். மகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். மட்டையைச் சுழற்றித் தவறவிட்டு அவுட் ஆனால் ஆங்கில 'கே' எழுத்து. சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு. சின்ன வகுப்பில் எழுத்தைத் திருப்பி எழுதி ஆசிரியையிடம் திருத்தம் வாங்கிய அவளுக்கு, பெரியவர்களே வேண்டுமென்று திருப்பி எழுதும் ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது. மூன்றாவது இன்னிங்ஸுக்குள் பென்சில் அவள் கைக்குப் போயிருந்தது. விதிகள் தெரியாதவர்கள் படித்துவிட்டு வரவேண்டாம். இப்படி அட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.

எனக்கும் ஆட்டம் அப்போதுதான் பிடிபட ஆரம்பித்தது. கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவர் முடிந்தவரை நின்று ஆடப் பார்ப்பார். இங்கே பத்தில் ஏழுமுறை தோற்பவர்தான் சிறந்த ஆட்டக்காரர். அந்தத் தோல்வியை முகத்தில் காட்டாமல் நடந்து திரும்பும் பையன்களைப் பார்ப்பதே ஒரு பாடமாக இருந்தது. இழுத்தடிப்பு என்று பயப்படவும் தேவையில்லை. இத்தனை விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் 2022இல் மைனர் லீக் முழுவதும் வந்து, 2023இல் மேஜர் லீக்குக்கும் போனது. இரண்டரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. இன்னிங்ஸ்களுக்கு நடுவில் கரடி வேஷம் போட்டவரோடு குழந்தைகள் ஓட்டப்பந்தயம் வேறு. கரடி தோற்பதற்குப் பட்ட பாடு இருக்கிறதே, நடிப்பில் அவர் மேஜர் லீக்.

அம்மா வெயில் இறங்கியதும் முந்தானையை இறக்கினார். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். நீராகாரமும் கடலையும் விரதத்துக்கு ஆகும் என்று அவரே ஒரு சலுகை எடுத்துக்கொண்டார். சுற்றிலும் எல்லோரும் ஓட்டைக் காலடியிலேயே போட்டார்கள். இங்கே அது வழக்கம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அம்மா ஒரு ஓடுகூடக் கீழே போடவில்லை. எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து கைப்பையில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் பியர் கோப்பைகளோடு இருந்த கல்லூரிப் பையன்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் சத்தம் இருந்தது, அசிங்கம் இல்லை. ஆனாலும் தூங்கும் குழந்தையோடு போகிறவர்களுக்கு வியாழனை நான் சொல்லமாட்டேன்.

ஹாட் டாக் கூடையைச் சுமந்துகொண்டு ஒருவர் படியேறி வந்தபோது பெரியவர் ஒரு கதை சொன்னார். 1925 ஏப்ரலில் அந்தக் காலத்துப் பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் ரயிலில் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது மயங்கி விழுந்துவிட்டார். பத்திரிகைகள் பதறின, 'உலகமெங்கும் கேட்ட வயிற்றுவலி' என்று பெயரே வைத்தார்கள். அளவில்லாமல் ஹாட் டாக் தின்றதுதான் காரணம் என்று கதை கட்டிவிட்டார்கள். அம்மாவுக்குச் சொன்னதும் விரதத்துக்கு ஓர் ஆதாரம் கிடைத்ததுபோல் தலையாட்டினார்.

ஐந்தாவது இன்னிங்ஸில் அம்மா கேட்டார்: "இந்தப் பையன்களுக்கு என்ன சம்பளம்?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். 2022 வரை இந்தப் படியில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர்தான். சங்கம் அமைத்து, 2023இல் முதல் ஒப்பந்தம் போட்ட பிறகு 27,300 ஆனது. அதே ஆண்டு மேஜர் லீக்கில் குறைந்தபட்சமே 7,20,000. நடுவில் இரண்டு படிகள், அவ்வளவுதான். பெரும்பாலான பையன்கள் அந்த இரண்டு படிகளைத் தாண்டுவதில்லை. ஒரு ஊர் ஆட்டம் முடிந்தால் பஸ்ஸில் ஏறி இரவோடு இரவாக அடுத்த ஊர்.

"நாடகக் கம்பெனிக்காரர்கள் மாதிரி" என்றார் அம்மா. சின்ன வயதில் கும்பகோணத்தில் கொட்டகை போட்டு ஆடிய கம்பெனிகளைப் பார்த்தவர். ராஜபார்ட் கிடைக்கும் என்று பத்து வருடம் கடைசி சேவகனாக நின்றவர்களையும் பார்த்திருக்கிறார். அதன்பிறகு இரண்டு அணிக்கும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். யார் அவுட் ஆனாலும் "ஐயோ பாவம்" என்றார்.

இந்தப் படிகளில் ஏறிப் பார்த்த நம் நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. 2008இல் இந்தியாவில் நடத்திய ஒரு பந்து எறியும் போட்டியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இரண்டு ஈட்டி எறியும் பையன்களைக் கண்டுபிடித்து, மேஜர் லீக் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. ரிங்கு சிங், தினேஷ் படேல். கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு. இந்த ரிங்கு அதுவரை பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. 2011இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்ற அணிக்கு ஆடினார். ஆஷ்வில் இருக்கும் அதே தெற்கு அட்லாண்டிக் லீக்கில். மேஜர் லீக் வரை போகவில்லை. தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் எதிரே ஆடிய வெட்டுக்கிளிகளும் அதே பைரேட்ஸின் பயிற்சி அணிதான் என்பதால், அம்மாவுக்கு அவர்கள்மேல் கொஞ்சம் சாய்வு வந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் அது நடந்தது. மட்டையின் விளிம்பில் பட்ட பந்து பக்கவாட்டில் எகிறி, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் காலி இருக்கையில் மோதி, துள்ளி, பெரியவரின் அட்டைமேல் விழுந்தது. அந்த இருக்கையில் அதுவரை ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்; ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தான். நான் கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்ட பிறகுதான் தலை தூக்கினேன். வலை இல்லாத இடத்தில் உட்கார்ந்தால், பந்து எறியும் நேரத்தில் கைப்பேசியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பெரியவர் பந்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். தன்னிடம் வீட்டில் ஒரு வாளி நிறைய இருக்கிறதாம். அது கைமாறி அம்மாவிடம் வந்தது. வெள்ளைத் தோலில் சிவப்பு நூல். புதுப் பந்து ஏன் அழுக்காக இருக்கிறது என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. பந்தின் வழவழப்புப் போவதற்காக, டெலவர் ஆற்றங்கரையில் எடுக்கும் ஒரு சேற்றைத் தேய்த்த பிறகுதான் ஆட்டத்துக்குக் கொடுப்பார்கள் என்றார் பெரியவர். நாற்பது வருடம் ரவிக்கை தைத்த விரல்களால் அம்மா தையலைத் தடவிப் பார்த்தார். ஊசி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போயிருக்கிறது, முடிச்சு எங்கே என்று தெரியவில்லை, மிஷினில் இப்படி வராது என்றார். கையால் தைப்பதுதான், மொத்தம் 108 இரட்டைத் தையல் என்று பெரியவர் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மிச்ச ஆட்டம் எனக்குச் சரியாக நினைவில்லை. சுற்றுலாப் பயணிகள் தோற்றார்கள். வெளியே வரும்போது, மாலையில் எறிந்து பழகிய அதே பிட்சர் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று குழந்தைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீலப் பேனா கொண்டுபோனால் நல்லது. யாரிடமும் பேனா இல்லாமல் வரிசை தேங்கியது. பந்தில் கையெழுத்து வாங்கலாமா என்று மகள் கேட்டாள். பாட்டி கூடாது என்றுவிட்டார்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். முதுகுப்பையோடு போகாதீர்கள். வேறொரு ஊரில் அடுத்த வருடம் வாசலிலிருந்து வண்டி நிறுத்திய இடத்துக்கு அரை மைல் திரும்ப நடந்தேன். உள்ளிருப்பது தெரியும் பைகளைத்தான் பல அரங்கங்களில் விடுகிறார்கள். ரொக்கம் வாங்காத கடைகள் அதிகம், அட்டை வைத்துக்கொள்ளுங்கள். மழையால் ஆட்டம் நின்றால் டிக்கெட்டை வேறொரு நாளுக்கு மாற்றித் தருவார்கள், ஆனால் வழிப்போக்கர்களுக்கு அந்த வேறொரு நாள் ஏது? அதனால் மழை வரும்போல் இருந்தால் முன்கூட்டி வாங்காமல் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள். ஆஷ்வில் பக்கம் போகிறவர்கள் மலைச்சாலை நிலவரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த ஊரையும் பார்க்வேயையும் சின்னாபின்னமாக்கியது. சாலையின் சில பகுதிகள் நெடுநாள் மூடிக்கிடந்தன.

அம்மா ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பினார். பந்து யாரிடம் இருக்க வேண்டும் என்று பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அது புடவைகளுக்கு நடுவில் பெட்டியில் ஏறியது. நவராத்திரி முதல் நாள் ராத்திரி அம்மா அழைத்தார். கொலுவுக்குக் கீழே எப்போதும்போல் பார்க் கட்டி, முளைவிட்ட கடுகைப் புல்லாக விட்டிருக்கிறாராம். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அரிசி மாவால் கட்டம் கோடிழுத்து நடுவில் பந்தை வைத்திருக்கிறாராம். செட்டியார் பொம்மையை மட்டையோடு நிற்க வைத்தாயிற்று.

"தளம் மூன்றாடா, நான்காடா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும்முன் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.